ஏழாம் நம்பர் உப்பு

அடி அண்ணாமலையில் வந்து சக்கரவர்த்தி வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மில்லி வீடு எது என்று கேளுங்கள், தெருவே கை நீட்டும். வெளியூரிலிருந்து பெண் பார்க்க, பத்திரிகை வைக்க வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு, "ஆளு டெய்லி எவ்ளோ போடுவாரு?" என்று குரலைத் தாழ்த்தி விசாரிப்பதுண்டு. பாவம், நீர்மோரைத் தாண்டி எதையும் தொடாத மனுஷன்.

பெயர் வந்தது டீக்கடையில். கிளாஸை பெஞ்சின்மேல் வைப்பார். முழங்காலை மடக்கிக் கண்ணை டீயின் மட்டத்துக்குக் கொண்டுவருவார். ஒரு கண்ணை மூடிக்கொள்வார். கிரிவலம் போகிற பக்தர்கள், இவர் டீயைக் கும்பிடுகிறாரோ என்று திகைத்து நிற்பார்கள். பிறகு தீர்ப்பு வரும்.

"மாஸ்டர், பத்து மில்லி கம்மி."

மாஸ்டரும் முதல் பத்து வருஷம் சண்டை போட்டுப் பார்த்தார். அப்புறம் அலுத்துப்போய், இவருக்கு மட்டும் கிளாஸ் வழிய ஊற்ற ஆரம்பித்துவிட்டார். அதற்கும் நம்மாள் சும்மா இருப்பாரா? "இப்ப ஆறு மில்லி ஜாஸ்தி," என்பார். குடித்துவிட்டுத்தான் சொல்வார் என்பது வேறு விஷயம்.

இந்த வியாதி ஒட்டிக்கொண்டது டவுனில், ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில். சக்கரவர்த்தி அங்கே லேப் உதவியாளர். பிளஸ் டூவில் வேதியியல் அவரைக் கைவிட்டது, ஆனால் அவர் அதை விடவில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு இருபத்தேழாவது வயதில் உள்ளே நுழைந்தவர், வருகிற குடியரசு தினத்தோடு இருபத்தைந்து வருஷத்தை முடிக்கிறார். அமிலத்தை அளந்து ஊற்றுவது, உப்பைப் பொட்டலம் கட்டுவது, குப்பிக்கு லேபிள் எழுதி ஒட்டுவது, இவைதாம் வேலை. பரிசோதனை செய்வது அவர் வேலை இல்லை. பாடம் எடுப்பதும் இல்லை. ஆனால் எடுப்பார். ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் உள்ளே வந்ததும், டீச்சர் வருகைப் பதிவை முடிப்பதற்குள் ஒரு மூச்சு பேசி முடித்துவிடுவார்.

"பொருள்னா இன்னா? எடத்தை அடைச்சிக்கணும். எடை இருக்கணும். ரெண்டும் இருந்தா பொருள். இந்த மலையும் பொருள்தான், உன் டிபன் பாக்ஸும் பொருள்தான். எல்லாத்தையும் பிரிச்சிக்கினே போனா கடைசியில நூத்திப் பதினெட்டு தனிமம்தான். அதுக்கு மேல ஆண்டவன்கிட்டயும் ஸ்டாக் இல்ல."

இதையே ஒருநாள் வீட்டில், மனைவி ரேணுகாம்பாளிடம் சொல்லிப் பார்த்தார். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் நீர்மோர் விற்கிறவள் அவள். பத்து நிமிஷத்தில் நூறு பேரிடம் பேசிப் பழகிய வாய். "எடத்தை அடைச்சிக்கணும், எடை இருக்கணும், அவ்ளோதானே? அப்படி ஒண்ணு நம்ம வீட்லயே இருக்குது. சாயங்காலம் ஆறு மணி ஆனா வந்து கூடத்தை அடைச்சிக்குது," என்றாள். அதோடு வீட்டில் வேதியியல் வகுப்பு நின்றது.

சரி, கதைக்கு வருவோம். ஆயுத பூஜை வந்தது. கொத்தனார் கரண்டியைக் கழுவுகிறார், ஆட்டோக்காரர் ஆட்டோவைக் கழுவுகிறார், நம் சக்கரவர்த்தி குப்பிகளைக் கழுவினார். வருஷாவருஷம் ஈரத் துணியால் ஒரு துடை துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பட்டையாக விபூதி பூசி அடுக்குவார். இந்த வருஷம் பக்தி கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது. வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்து, மூடியை இறுக்கி, குப்பிகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்தார். எல்லாம் தங்க விக்கிரகம் மாதிரி பளபளத்தன. பளபளத்ததைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு லேபிள்கள் மிதந்துகொண்டிருந்தன. மை கரைந்து, எழுத்தெல்லாம் நீலத் தண்ணீராகியிருந்தது.

மற்ற குப்பிகளை எண்ணிப் பார்த்தால், பெயர் இழந்தவற்றில் ஒன்று ஏழாம் நம்பர், ஜிங்க் சல்பேட். இன்னொன்று பதினொன்று, மெக்னீசியம் சல்பேட், பேதிக்குக் கொடுக்கிற உப்பு. எந்த லேபிள் எந்தக் குப்பியிலிருந்து கழன்றது? இரண்டு குப்பியிலும் வெள்ளை வெளேரென்று ஒரே மாதிரி உப்பு, ஒரே மாதிரி படிகம். அண்ணன் தம்பி கூட அவ்வளவு ஒற்றுமையாக இருக்க மாட்டார்கள்.

வேறொருவராக இருந்தால் டீச்சரைக் கூப்பிட்டிருப்பார். சக்கரவர்த்தி விவசாயி வீட்டுப் பிள்ளை. நெல்லுக்கு ஜிங்க் சல்பேட் போடாத வயல் உண்டா? சிறு வயதிலிருந்து மூட்டை மூட்டையாக வாரி இறைத்த கை. இரண்டு குப்பியிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையில் வைத்துத் தேய்த்தார். கண்ணை மூடினார். "எங்க வயல்ல கொட்டாத ஜிங்க்கா? இதுதான்," என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, முத்து முத்தான கையெழுத்தில் புது லேபிள் எழுதி ஒட்டினார். குங்குமமும் வைத்தார். டீ பத்து மில்லி குறைந்தால் பஞ்சாயத்து வைக்கிற மனுஷன், இதை எடை போடவில்லை, சோதிக்கவில்லை, யாரிடமும் மூச்சு விடவில்லை. மறந்தும் போனார்.

ஜனவரி பிறந்தது. பள்ளியில் வேதியியல் டீச்சர் சைலஜாவுக்கு இது முதல் வேலை, வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. பெரிய தெருவில் கோயில் குருக்கள் வீட்டுப் பெண். கண்டிப்புக்காரி, ஆனால் சக்கரவர்த்தியிடம் மட்டும் அண்ணா அண்ணா என்று மரியாதை. குடியரசு தினத்தன்று அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் பேசி ஏற்பாடு செய்ததும் அவள்தான். பாராட்டுரையையும் அவளே எழுதி, அவரை உட்காரவைத்துப் படித்துக்காட்டினாள்.

"இருபத்தைந்து ஆண்டுகளில் இந்த ஆய்வகத்தில் ஒரு குப்பியின் பெயர்கூட மாறியதில்லை. எப்படிண்ணா இருக்கு?"

"ஏதோ, உங்க அபிமானம் டீச்சர்," என்று நெளிந்தார் சக்கரவர்த்தி. அன்று சாயங்காலத்துக்குள் அந்த வாக்கியம் அடி அண்ணாமலையில் எல்லா வீட்டுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. டீக்கடையில் மட்டும் மூன்று முறை சொன்னார். வெள்ளை வேட்டி சலவைக்குப் போனது.

அந்த வாரம் வியாழக்கிழமை மாடல் பிராக்டிகல். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பொட்டலம் உப்பு, மேலே நம்பர் மட்டும். என்ன உப்பு என்று அவர்கள் கண்டுபிடித்து எழுத வேண்டும். எந்த நம்பர் எந்த உப்பு என்ற பட்டியலை சக்கரவர்த்தி எழுதி மடித்து டீச்சரிடம் கொடுத்துவிடுவார். இதில் ஒரு ரகசியம் உண்டு. பட்டியல் இருபத்தைந்து வருஷமாக மாறாத பட்டியல். அக்காமார்கள் போகும்போது தங்கைமார்களிடம் கொடுத்துவிட்டுப் போகிற சீதனம் அது. ஏழா? ஜிங்க் சல்பேட், கண்ணை மூடிக்கொண்டு எழுது. ஊருக்கே தெரிந்த இந்த ரகசியம் டீச்சருக்கும் சக்கரவர்த்திக்கும்தான் தெரியாது.

பதினொன்று அன்று யாருக்கும் போகவில்லை. ஏழாம் நம்பர் மூன்று பேருக்குப் போனது. தேவிப்ரியா, ஓவியா, கவியா. சாம்பல் சோதனை என்று ஒன்று இருக்கிறது. உப்பையும் கோபால்ட் நைட்ரேட் கரைசலையும் இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலத்தையும் கலந்து, வடிதாளை அதில் நனைத்துச் சுடரில் எரிக்க வேண்டும். மிஞ்சுகிற சாம்பல் பச்சையாக இருந்தால் உள்ளே இருப்பது ஜிங்க். ரோஸாக இருந்தால் மெக்னீசியம். தேவிப்ரியாவும் ஓவியாவும் பச்சை என்று எழுதினார்கள். கவியா ரோஸ் என்று எழுதினாள்.

சைலஜா தாளையும் பட்டியலையும் பார்த்தாள். கவியாவைப் பார்த்தாள்.

"ஒரே உப்பு. ரெண்டு பேருக்குப் பச்சை, உனக்கு மட்டும் ரோஸா?"

"ரோஸாதான் வந்துது டீச்சர். ரெண்டு தடவ எரிச்சேன்."

"எரிச்சிருந்தா பச்சை வந்திருக்கும். எரிக்காமலே எழுதிட்டு, இப்ப பொய் வேற. எனக்குத் தப்புகூடப் பரவாயில்ல கவியா, பொய் ஆகாது. நாளைக்கு அப்பா கையெழுத்தோட மன்னிப்புக் கடிதம் கொண்டா. இல்லைன்னா இன்டர்னல் மார்க் கிடையாது."

தொட்டியடியில் குடுவை கழுவிக்கொண்டிருந்த சக்கரவர்த்தியின் காதில் எல்லாம் விழுந்தது. ரோஸ் என்ற வார்த்தை விழுந்ததும் குடுவை கையிலிருந்து நழுவித் தொட்டியில் டங்கென்று இடித்தது. நல்லவேளை, உடையவில்லை. வாளியில் மிதந்த இரண்டு லேபிள்களும் மூன்று மாதம் கழித்து இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தன. கவியா அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, அவரைத் தாண்டித்தான் வெளியே போனாள். அவர் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், காப்பியின் மட்டத்தைப் பார்க்கவில்லை. ரேணுகாம்பாள் அப்போதே கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னாங்க, ஒடம்பு சரியில்லையா? டம்ளரு பாதிதான் இருக்குது, ஒரு வார்த்த கேக்கல?"

விஷயத்தைச் சொன்னார். சொன்ன விதம் இருக்கிறதே, அடடா! தப்பு தண்ணீர் மேல், சோப்பு மேல், பசை மேல், ஆயுத பூஜை மேல் என்று ஊரெல்லாம் சுற்றியது. அவர் பக்கம் மட்டும் வரவே இல்லை.

"அப்ப அந்தப் பொண்ணு சொன்னது நெசம்," என்றாள் ரேணுகாம்பாள்.

"இருக்கலாம். சோதிச்சாதான் தெரியும். ஒருவேளை அவளே தப்பா..."

"வெரல்ல தேச்சி ஜிங்க்கைக் கண்டுபுடிச்ச மகராசன். அது எப்படிங்க? டீயில பத்து மில்லி தெரியுது, எது எரு, எது பேதி உப்புன்னு தெரியலையா?"

"வெளையாடாத ரேணுகா. திங்கக்கெழம பொன்னாட. டீச்சர் எழுதி வச்சிருக்குது, ஒரு குப்பி பேருகூட மாறலன்னு. இப்பப் போயி நான் மாத்தி ஒட்டிட்டேன்னு எப்படிச் சொல்றது? காலையில போயி ரெண்டு லேபிளையும் கிழிச்சி மாத்திடறேன். அடுத்த மாசம் பப்ளிக் பிராக்டிகல்ல எல்லாம் சரியா இருக்கும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

ரேணுகாம்பாள் தயிரைக் கடைவதை நிறுத்தினாள். "மத்தவங்களுக்கு இல்ல. அந்தப் பொண்ணு மேல பொய்க்காரின்னு ஒரு லேபிள் ஒட்டியாச்சே? அதை எப்படிக் கிழிப்பீங்க?" என்றாள். மறுபடி மத்தைப் பிடித்துக் கடைய ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் சக்கரவர்த்தி லேபில் இருந்தார். இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக, ஊற்றிக் கொடுக்கிற பக்கம் நிற்காமல் செய்கிற பக்கம் நின்றார். ஆயிரம் பிள்ளைகள் செய்து அவர் பார்த்ததுதான். ஏழாம் நம்பர் குப்பியிலிருந்து உப்பை எடுத்தார். வடிதாளை நனைத்தார். சுடரில் காட்டினார். தாள் சுருண்டு கறுத்து எரிந்தது. பீங்கான் தட்டில் சாம்பலை உதறி, ஜன்னலண்டை கொண்டுபோய்ப் பார்த்தார். ரோஸ். சந்தேகத்துக்கே இடமில்லாத, கல்யாண வீட்டுப் பன்னீர் ரோஜா ரோஸ்.

பக்கத்தில் புது லேபிள் இரண்டு, பசை டப்பா, எல்லாம் தயார். ஒட்டினால் ஒரு நிமிஷ வேலை. லேபிளை நகத்தால் நெருடவும் ஆரம்பித்துவிட்டார். முதல் மணி அடித்தது. கவியா கதவண்டை வந்து நின்றாள்.

"டீச்சர் இல்லையாண்ணா? இதக் குடுத்துடறீங்களா?"

நாலாக மடித்த தாள். மடிப்பு சரியாக இல்லாததால் கையில் வாங்கியதும் விரிந்துகொண்டது. 'நான் சோதனையைச் செய்யாமலே ரோஸ் என்று பொய்யாக எழுதினேன். இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன். என்னை மன்னிக்கவும்.' கீழே அவள் பெயர். அதற்கும் கீழே, எழுத்துக் கூட்டிப் போட்ட கோணல் கையெழுத்து, அவள் அப்பாவுடையது.

சக்கரவர்த்தி அதை இரண்டு முறை படித்தார். "ஏம்மா, நீதான் ரெண்டு தடவ எரிச்சியே. அப்புறம் ஏன் பொய்னு எழுதிக் குடுக்கற?"

"இன்னாண்ணா பண்றது? ரோஸ்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. பொய்னு சொன்னா ஒடனே நம்பறாங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. வெட்கமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு லேபிளுக்குப் பயந்து நிற்பது கேவலம் என்று தோன்றியது. "உள்ள வா. இங்கயே ஒக்காரு," என்று அவளை உட்காரவைத்துவிட்டு, ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினார். ஓடினார் என்றால் நிஜமாகவே ஓடினார், எடையும் இடமும் குலுங்க.

சைலஜா வந்தாள். சக்கரவர்த்தி இந்த முறை சோப்பையும் பசையையும் இழுக்கவில்லை. "டீச்சர், ஏழாம் நம்பர் ஜிங்க் இல்ல. மெக்னீசியம். ஆயுத பூஜைக்குக் கழுவறப்ப லேபிள் ஊறிப்போச்சு. எனக்குத் தெரியும்னு கெத்தா நானே எழுதி ஒட்டிட்டேன். இப்பதான் எரிச்சிப் பாத்தேன். ரோஸ். இந்தப் பொண்ணு பொய் சொல்லல. நான்தான் தப்பு," என்றார். ஒரே மூச்சு. ஜூன் மாத மூச்சைவிட நீளம்.

சைலஜா தட்டைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. நேராக வகுப்புக்குப் போய்த் தேவிப்ரியாவையும் ஓவியாவையும் அழைத்து வந்தாள்.

"நேத்து சாம்பல் எந்தப் பச்சைம்மா வந்துது?"

"கிளிப்பச்சை டீச்சர்," என்றாள் தேவிப்ரியா.

"இல்ல டீச்சர், வாழைஇலைப் பச்சை," என்றாள் ஓவியா, தோழிக்கு ஒத்தாசையாக.

"கவியா, இவங்க முன்னாடி ஒரு தடவ எரிச்சிக் காட்டு."

கவியா எரித்தாள். ரோஸ் சாம்பலைப் பார்த்ததும் கிளிப்பச்சையும் வாழைஇலைப் பச்சையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அக்காமார் கொடுத்த சீதனப் பட்டியல் ஓவியாவின் பென்சில் டப்பாவிலிருந்து வெளியே வந்தது. அதைப் பார்த்துச் சக்கரவர்த்திக்கே மயக்கம் வந்தது. இருபத்தைந்து வருஷமாகத் தம் கையெழுத்தில் மடித்துக் கொடுத்த பரம ரகசியம், வரிசை பிசகாமல் பதினைந்து நம்பரும் அதில் இருந்தது.

சைலஜா நாற்காலியில் உட்கார்ந்தாள். "நானும் எரிச்சிப் பாக்கலையே. பட்டியலைப் பாத்துட்டு உன்னைப் பொய்க்காரின்னுட்டேன். தப்பு என் மேலயும்தான் கவியா. மன்னிச்சிடும்மா," என்றாள். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து பாராட்டுரையை எடுத்து, குப்பி பெயர் மாறியதில்லை என்ற வரியைப் பேனாவால் அடித்தாள். சக்கரவர்த்தி பார்த்துக்கொண்டே நின்றார். வலிக்கத்தான் செய்தது, ஏன் மறைக்க வேண்டும்? அந்த வரியை இந்நேரம் டீ மாஸ்டர் வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

"பொன்னாடை உண்டுண்ணா. உரைதான் ஒரு வரி கம்மி," என்றாள் சைலஜா. மன்னிப்புக் கடிதத்தைக் கிழிக்கப் போனாள்.

"கிழிக்காதீங்க டீச்சர்," என்றாள் கவியா. "கிழிச்சிட்டா, நான் பொய் சொல்லலன்னு எங்கப்பாவுக்கு எப்படித் தெரியும்? நேத்து இதுல கையெழுத்துப் போட்டதுலேருந்து அவரு எங்கிட்ட பேசல. சோறும் சரியாத் துண்ணல. எம்பொண்ணு பொய் சொல்லுவான்னு நெனைக்கலன்னு எங்கம்மாகிட்ட சொல்லிக்கினு இருந்தாரு. நான் ஒண்ணும் சொல்லாம படுத்துட்டேன்."

அப்போதுதான் அவள் அழுதாள். விம்மி விம்மி அழுதாள். தேவிப்ரியாவும் ஓவியாவும் கூடச் சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள். சக்கரவர்த்தி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, ஒரு முழுத் தாளை எடுத்தார். லேபிள் எழுதுகிற பேனாவைத் திறந்தார்.

'கவியாவின் அப்பா அவர்களுக்கு, லேப் உதவியாளர் சக்கரவர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. குப்பியில் பெயரை மாற்றி ஒட்டியது நான். சாம்பல் ரோஸ்தான். அவள் இரண்டு முறை எரித்துப் பார்த்துச் சரியாகச் சொன்னாள். அவளை மன்னிப்புக் கடிதம் எழுத வைத்ததற்கு என்னை மன்னிக்க வேண்டும்.'

கவியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் தோளுக்குப் பின்னால் நின்று வரிவரியாகப் படித்தாள்.

"மூணு முறைண்ணா. இப்பவும் ஒரு தடவ எரிச்சேன் இல்ல?"

அவர் இரண்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

"தேதி போடுங்க."

தேதியும் போட்டார். "சாயங்காலம் நானே உங்க வீட்டுக்கு வரேம்மா. அப்பா கையிலயே குடுக்கறேன்," என்றார்.

கவியா யோசித்தாள். "வாங்கண்ணா. ஆனா லெட்டரு எங்கிட்ட குடுத்துடுங்க. நான் மொதல்ல போயிடணும். அவரு வாசல்லயே ஒக்காந்துக்கினு இருப்பாரு," என்று சொல்லி, மை காய்வதற்குள்ளேயே தாளை வாங்கிக்கொண்டாள்.